ஐப்பசியில் கசியும் மின்னூட்டம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து விவசாயி யாரிடமும் 17 என்று சொல்லிப் பாருங்கள். ஈரப்பதம் என்று அவரே முடித்துவிடுவார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில், அந்த எல்லையைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கைகள் டெல்லி வரை போகும். இந்த எண்ணைச் சொல்லும் சிறிய கருவி நெல்லைக் காயவைத்துப் பார்ப்பதில்லை. கைப்பிடி நெல்லை உள்ளே போட்டதும், அது மின்சாரத்துக்கு எப்படி இடம் கொடுக்கிறது என்று அளக்கிறது. சில கருவிகள் மின்தடையை அளக்கும், சில மின்தேக்குத்திறனை அளக்கும். உலர்ந்த நெல் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. ஈரம் சில சதவீதம் ஏறினாலே மின்தடை பத்து மடங்கு, நூறு மடங்கு என்று விழுந்துவிடும்.

ஈரத்துக்கும் மின்தடைக்கும் உள்ள இந்த உறவைத் தெரிந்துகொண்டவர்களுக்கு, காதில் மாட்டும் ஒலிக்கருவிகளிலேயே மிக நுட்பமான ஒன்றின் பழுதுகளில் பாதி புரிந்துவிடும். நிலைமின் ஹெட்ஃபோனைத்தான் சொல்கிறேன். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இல் வெளியிட்ட எஸ்.ஆர்-1 முதல் இந்த வகை உலகெங்கும் இசைப் பிரியர்களிடம் புழங்குகிறது. அமெரிக்காவின் காஸ், ஜெர்மனியின் சென்ஹைசர் ஆகியவையும் பிறகு இதில் இறங்கின. சென்ஹைசர் 1991இல் கொண்டுவந்த ஆர்ஃபியஸ் அதன் விலையாலேயே பேர்போனது. நம் பக்கத்தில் இவை அபூர்வம். இருப்பவையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை, பல கைமாறியவை. அவற்றைப் பழுது பார்க்கக் கடை கிடையாது என்பதால், வைத்திருப்பவரே யோசித்துத்தான் ஆக வேண்டும். அந்த யோசனைக்கு வழி சொல்வதே இந்த அத்தியாயம்.

சாதாரண ஹெட்ஃபோனுக்குள் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். நிலைமின் ஹெட்ஃபோனில் இரண்டும் கிடையாது. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகள் எதிரெதிரே நிற்கும். அவற்றுக்கு நடுவே, ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, ஒரு பாலியெஸ்டர் படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் ஒன்றரை மைக்ரான் தடிமனும் உள்ள படலம் ஏறத்தாழ 8 மில்லிகிராம் எடை இருக்கும். அதே பரப்பில் 2 மில்லிமீட்டர் கனமுள்ள காற்று அதைவிட எடை கூடியது. தான் தள்ளும் காற்றைவிட லேசாக இருப்பதால்தான் வீணைத் தந்தி மீட்டப்படும் கணத்தின் கூர்மையை இந்தப் படலத்தால் அப்படியே கொடுக்க முடிகிறது. ஒருமுறை கேட்டவர்கள் இதற்காக எத்தனை தொல்லையையும் பொறுத்துக்கொள்வது ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

படலத்தின் மேல் மிக மெல்லிய ஒரு பூச்சு உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் வேண்டாவெறுப்பாகத்தான் கடத்தும். அதன் மின்தடை பல கோடி ஓமிலிருந்து ஆயிரம் கோடி ஓம் வரை இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு நிலையான உயர் மின்னழுத்தம் இந்தப் பூச்சுக்கு வந்துகொண்டே இருக்கும். இதற்குப் பயாஸ் என்று பெயர். ஸ்டாக்ஸின் பழைய வகைக்கு 230 வோல்ட், 'ப்ரோ' வகைக்கு 580 வோல்ட், காஸ் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. 950க்கு 600 வோல்ட். பாட்டு போவது இரண்டு தகடுகளுக்கும்: ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். மின்னூட்டம் ஏறிய படலத்தை ஒரு தகடு இழுக்க, மற்றது தள்ளும்.

படலத்தின் மேல் உள்ள மின்னூட்டம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். மேலே சொன்ன அளவுகளில் ஒரு தகட்டுக்கும் படலத்துக்கும் இடையிலான மின்தேக்குத்திறன் சுமார் 70 பிக்கோஃபாரட். இரண்டு பக்கத்துக்கும் 140. இதை 580 வோல்ட்டால் பெருக்கினால் 80 நானோகூலும் வரும், அதாவது சுமார் 50 ஆயிரம் கோடி எலக்ட்ரான். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு மின்னோட்டம் கசிந்தாலே, மேலும் வரத்து இல்லாவிட்டால், இவ்வளவும் ஒன்றரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும். வரத்து இருக்கிறது, பயாஸ் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அது அந்தப் பெருந்தடைப் பூச்சைக் கடந்துதான் வர வேண்டும். கசிவு கூடினால் வரத்து ஈடுகொடுக்காது. பூச்சின் தடை 100 கோடி ஓம், கசிவுப் பாதையின் தடை 500 கோடி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 580 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு பூச்சிலேயே விழுந்துவிடும். படலத்துக்குக் கிடைப்பது 483. ஒலி ஒன்றரை டெசிபல் குறையும். இரண்டு காதிலும் ஒரே அளவு குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு காதில் மட்டும் குறையும்போது, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார்.

நிலைமின் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான்: ஒரு பக்கம் சன்னமாகிவிட்டது. காவிரி டெல்டாவில் இந்தப் புலம்பல் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கும், வாய்க்கால்கள் நிறைந்து ஓடும், காலை நேரத்தில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். இந்த அளவில் எந்தப் பிளாஸ்டிக், எந்தக் கண்ணாடி, எந்தப் பீங்கான் மீதும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படிவு ஒன்று உட்கார்ந்துகொள்ளும். 40 சதவீத ஈரப்பதத்தில் ஒரு மூலக்கூறு அடுக்கு அளவில் இருப்பது, 80ஐத் தாண்டியதும் அடுக்கடுக்காக வளர்கிறது. தூய நீராக இருந்தால் கூடப் பரவாயில்லை. ஆனால் விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்பு இருக்கும். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியத் தொடங்கும். வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருப்பவருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினம், காரைக்கால் கரையோர வீடுகளில் கடற்காற்று கொண்டுவரும் உப்புத்தூசி ஹெட்ஃபோன் பிளக்கின் ஊசிகளுக்கு நடுவிலும் படியும். 580 வோல்ட் ஊசிக்கும் பக்கத்து ஊசிக்கும் இடையே அங்கே ஒரு பாதை திறக்கிறது.

இங்கே மிருதங்கத்தை நினைத்துக்கொள்வது உதவும், ஏனென்றால் அதுவும் இழுத்துக் கட்டிய படலம்தான். திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி. வி. ராமன் அந்தப் படலத்தை ஆராய்ந்து, சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் இன்னும் விரிவாக எழுதினார். வெறும் தோலின் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் பூசிய கரணை என்னும் கருஞ்சாந்தின் எடை அவற்றைச் சுருதியின் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதே அவர் காட்டியது. மழைக்காலத்தில் மிருதங்கம் சுருதி இறங்குவதற்குக் காரணம் தோலுக்குள்ளேயே ஈரம் புகுந்து அதைத் தளர்த்துவது. ஹெட்ஃபோனிலும் அப்படித்தான் நடக்கிறது, படலம் தொய்ந்துவிட்டது என்று பலர் முடிவுகட்டி, திறந்து இழுத்துக்கட்டப் போகிறார்கள். பாலியெஸ்டர் தன் எடையில் ஒரு சதவீதம் கூட நீரை உள்ளே வாங்காது. அதன் விறைப்பு அடைமழையிலும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். ஈரம் செய்யும் கெடுதல் மேற்பரப்பில் நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் படலத்தின் ஓரத்தில், அதைத் தாங்கும் சட்டத்தில். எனவே முதல் மருத்துவம் உலர்த்துவது. கருவியைத் திறக்க வேண்டாம்.

உலர்த்த அரிசிப் பானைக்குள் போட வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைக்கும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நன்றாகச் சேமித்த நெல்லிலும் அரிசியிலும் 13, 14 சதவீத ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு சமநிலையில் நிற்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 70 சதவீதம். மூடிய டப்பாவில் அரிசியால் காற்றை அதற்குக் கீழே இறக்க முடியாது. உப்பு கரையும் 75க்குப் பக்கத்திலேயே அது நின்றுவிடும். போதாததற்குத் தவிட்டுத் தூசி தகட்டுத் துளைகள் வழியே உள்ளே போகும். சிலிக்கா ஜெல்தான் சரி. காற்றுப் புகாத டப்பா, அதில் இரண்டு கைப்பிடி ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் வந்து, ஓரிரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் அடுப்பில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். வெயிலில் வைப்பது, முடி உலர்த்தியால் சுடுகாற்று அடிப்பது இரண்டும் வேண்டாம். பாலியெஸ்டர் சூட்டில் சுருங்கும், பழைய பசை விட்டுவிடும்.

உலர்த்தியதும் பக்கம் சரியாகிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. சரியாகவில்லை என்றால் குறை எந்தக் கண்ணியில் என்று பிரிக்க வேண்டும். பாட்டுக் கருவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் இடது, வலது கம்பிகளை இடம் மாற்றிச் செருகுங்கள். சன்னமான பக்கம் கூடவே மாறினால் குறை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு கம்பிதான். மாறாமல் அதே காதில் நின்றால் ஆம்ப்ளிஃபயரிலோ ஹெட்ஃபோனிலோ இருக்கிறது. அந்த இரண்டையும் பிரிக்க இன்னொரு ஹெட்ஃபோனை அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்ப்பதுதான் நேர்வழி. அது கிடைக்காதவர்கள் காதை நம்பலாம், ஏனென்றால் ஒவ்வொரு குறைக்கும் தனிச் சத்தம் உண்டு. எல்லாச் சுரங்களும் சமமாகக் குறைந்திருந்தால் மின்னூட்டக் குறைவு. போட்டதும் சன்னமாக இருந்து, அரை மணி ஓடிய பிறகு மெல்ல ஏறினால் ஈரம், அல்லது வயதான பூச்சு. தாழ்ந்த சுரங்கள் மட்டும் போயிருந்தால் காதுமெத்தை கிழிந்து காற்று கசிகிறது. மெத்தையை அழுத்தும்போது மட்டும் சரசரவென்று கேட்டால், காற்றழுத்தம் படலத்தைத் தகட்டில் ஒட்டவைத்து விடுகிறது. கையை எடுத்ததும் நின்றுவிட்டால் அதைக் குறையாகவே எண்ண வேண்டாம்.

பட்பட்டென்று பொரியும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் தூசி. மின்னூட்டம் ஏறிய படலம் தூசியை இழுக்கும். இந்த வட்டாரத்தில் தை, மாசி அறுவடையில் இயந்திரம் ஓடும் வயலுக்குப் பக்கத்து வீடுகளில் நெல்லின் சுணை காற்றோடு வரும். உடம்பில் பட்டால் அரிக்கும் அந்த நுண்முடி, அரை மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பாலம் போடப் போதுமானது. படலமும் தகடுகளும் அடங்கிய ஒவ்வொரு ஒலிப்பெட்டகத்துக்கும் இரு பக்கமும் மிக மெல்லிய தூசிக்காப்புப் படலம் போட்டிருப்பார்கள். அது கிழிந்திருக்கிறதா என்று முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சிலில் உப்பு இருக்கிறது. தூசி உறிஞ்சும் இயந்திரத்தை அருகே கொண்டுபோனாலே படலம் நீண்டு கெடும்.

இதே இயற்பியல் எதிர்த்திசையில் ஓடுவதுதான் கண்டென்சர் மைக். ஈ. சி. வென்டே 1916இல் அமெரிக்காவில் உருவாக்கியது. மின்னூட்டம் ஏறிய படலம் அங்கே ஒலியைக் கேட்கிறது, இங்கே ஒலிக்கிறது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடப்பது காவிரிக்கரையில், பெரும்பாலும் ஜனவரிப் பனியில். அப்படிப்பட்ட இடங்களில் மைக்கின் படலத்தில் ஈரம் கோத்தால் வரும் பொரியல் சத்தமும் ஹெட்ஃபோனில் வருவதும் ஒரே காரணத்தால் வருபவை. ஒலிப்பதிவாளர்கள் மைக்கை உலர்ந்த பெட்டியில் வைத்திருந்து மேடைக்கு எடுத்துவருவதும், ஈர இடங்களுக்கு ரேடியோ அலைவரிசைச் சுற்று உள்ள மைக்குகளைத் தேர்வதும் இதனால்தான்.

இனி ஆம்ப்ளிஃபயர். முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜப்பானுக்காகச் செய்தது 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் சுவர்ப் பிளக்கில் நேரே செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்தது. இடையில் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அடுத்தது துளையின் வகை. 580 வோல்ட்டுக்கான ஐந்து ஊசி ஹெட்ஃபோனைப் பழைய 230 வோல்ட் துளையில் செருகினால் செருகும், பாடவும் செய்யும். ஆனால் 8 டெசிபல் சன்னமாகப் பாடும். ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்று இதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

மூடியைத் திறப்பது வேறு விஷயம், இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். தகடுகளுக்குப் போகும் ஒலிச் சுற்று பல நூறு வோல்ட்டில் ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும். உயர் மின்னழுத்தத்தில் கைப்பழக்கம் இல்லாதவர் திறக்கவே கூடாது, அருகில் யாராவது வால்வு ரேடியோ பழுது பார்த்த பெரியவர் இருந்தால் அவரிடம் கொண்டுபோங்கள். திறந்தவுடன் அவர் கண்ணில் படக்கூடியது எறும்பு. பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் புகுந்து கான்டாக்டரைக் கெடுப்பது டெல்டா விவசாயிக்குத் தெரிந்த கதை. சூடான, இருட்டான, காற்றுத்துளை உள்ள ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் அவற்றுக்குப் பிடித்த இடம். அதற்கடுத்து வீங்கிய கெபாசிட்டர், கருகிய ரெசிஸ்டர், பிடி தளர்ந்த வால்வு. ஹம்மென்று கேட்டால் வீட்டின் எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருக்கிறது.

பயாஸை அளக்கும்போது பலரை ஏமாற்றும் ஒரு பொறி உண்டு. அதை விளக்கிவிட வேண்டும். பயாஸ் ஊசிக்கும் மின்மூலத்துக்கும் நடுவே பாதுகாப்புக்காக 50 லட்சம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். நம் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக ஒரு கோடி ஓம். மீட்டரை வைத்ததும் இரண்டும் தொடராகிவிடுகின்றன, 580 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு ரெசிஸ்டரில் விழுகிறது, மீட்டர் 387 காட்டுகிறது. பயாஸ் போய்விட்டது என்று நினைத்து நல்ல பாகங்களை மாற்றத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. மீட்டர் குறைத்துக் காட்டுவதில் தவறில்லை. ஆனால் எந்த அளவு குறைக்கும் என்பது ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் மீட்டருக்கும் வேறுபடும்.

ஆகவே நன்றாகப் பாடும் ஒரு நாளில், ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்து, 1000 வோல்ட் தாங்கும் மீட்டரால் பயாஸ் ஊசியை ஒருமுறை அளந்து, கூடவே சுவர் மின்னழுத்தத்தையும் குறித்துவைக்க அந்தப் பெரியவரிடமே சொல்லுங்கள். இரண்டு எண்ணும் வேண்டும், ஏனென்றால் பல ஆம்ப்ளிஃபயர்களில் பயாஸ் சுவர் மின்னழுத்தத்தோடு ஏறி இறங்கும். மும்முனை மின்சாரம் வந்து அந்த லைனில் உள்ள பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும்போது கிராமத்து வீட்டில் 230 வோல்ட் 200 ஆகலாம். நல்ல நாளில் 230க்கு 387 இருந்தால், 200க்கு 336தான் வர வேண்டும். அன்றைக்கு 336 காட்டினால் ஆம்ப்ளிஃபயரில் குறையில்லை, இரண்டு காதிலும் ஒலி ஒரு டெசிபலுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருக்கும், ஸ்டெபிலைசர் போதும். 250 காட்டினால் பயாஸ் சுற்றில் ஒரு கெபாசிட்டரோ டையோடோ போய்விட்டது, அதை மாற்ற வேண்டும். எண் சரியாக இருந்து, உலர்த்தியும் ஆகி, ஆம்ப்ளிஃபயரின் ஒலிச் சுற்றிலும் குறையில்லாமல், ஒரு பக்கம் மட்டும் சன்னமாகவே நின்றால் பெரும்பாலும் படலத்தின் பூச்சு தேய்ந்திருக்கும். அந்த ஒலிப்பெட்டகத்தைச் செய்தவர்களுக்கே அனுப்பி மாற்ற வேண்டும், மாற்றும்போது இரண்டு காதுக்கும் ஒரே ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள்.